இருவர் பெயரில் உள்ள வீடு யாரைச் சேரும்?



திருமணம் செய்யாது இணைந்து வாழும் இருவர், இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்குகின்றனர். ஒருவர் இறந்தால் அவ்வீடு மற்றவரைச் சேருமா? எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர் என்பது இதற்கு விடையாகாது. வீட்டு உறுதியில் எழுதப்பட்டுள்ள இரண்டொரு சொற்களே விடை தரும்.

உறுதியில் ‘ஜொயின்ற் ரெனன்ற்ஸ்’ என்றிருப்பின் அது கூட்டுரிமை. ஒருவர் இறந்ததும் முழு வீடும் எஞ்சியவருக்கு உரியதாகும். மரணசாதனம்கூட அதனை மாற்றாது. ‘ரெனன்ற்ஸ் இன் கொமன்’ என்றிருப்பின் அது பங்குரிமை. இறந்தவரின் பங்கு அவரது மரணசாதனத்தின்படி செல்லும். எதுவும் குறிப்பிடப்படாவிடின், ஒன்ராறியோச் சட்டம் பொதுவாகப் பங்குரிமை என்றே கொள்ளும். முன்னைய திருமணத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் கூட்டுரிமையை ஏற்குமுன் சிந்திக்க வேண்டும். அவ்வீட்டில் பிள்ளைகளுக்கு எதுவும் எஞ்சாமற் போகலாம்.

பங்குரிமையாக இருந்து, மரணசாதனமும் இல்லையெனில் நிலைமை கடினமானது. மரணசாதனமின்றி இறந்தவரின் சொத்தைப் பெறும் ‘வாழ்க்கைத் துணை’ என்பவர், ஒன்ராறியோவில், சட்டப்படி மணம் புரிந்தவர் மட்டுமே. அவர் இல்லாதபோது பிள்ளைகள், பின்னர் பெற்றோர், அதன்பின் உடன்பிறந்தோர் என உரிமை செல்லும். மோல்வேனில் 18 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, அடமானக் கடனையும் சரிபாதியாகக் கட்டிய இருவர் உள்ளனர் எனக் கொள்வோம். அவர்களுள் பிள்ளைகளோ பெற்றோரோ இல்லாத ஒருவர் இறந்தால், பாதி வீடு பாரிஸிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் அவரது சகோதரர்களைச் சேரும். வீட்டை விற்றுப் பங்கைத் தருமாறு அவர்கள் நீதிமன்றத்தைக் கோரலாம். அவர்கள் தீயவர்களாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் தந்ததையே கேட்கின்றனர்.

மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால் மணம் புரிந்தவருக்குச் சமம் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. அந்த மூன்று ஆண்டுகள் தருவது வேறொன்று: இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் என்ற முறையில், அவரது சொத்திலிருந்து பராமரிப்புக் கோரும் தகுதி. சொத்து நிருவாகியை நீதிமன்றம் நியமித்துச் சான்றிதழ் வழங்கியதிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். துயரில் இருப்போருக்கு ஆறு மாதம் விரைந்து கழிந்துவிடும்.

தேசவழமையின் ‘தேடிய தேட்டம்’ சிலருக்கு நினைவுக்கு வரலாம். அதுவும் கணவன் மனைவிக்கே உரியது. இங்குள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. ஒன்ராறியோத் திருமண உரிமம் பெறாது கோயிலில் தாலி மட்டும் கட்டியோர், தமது திருமணத்தின் சட்டநிலையைச் சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்திக்கொள்வது நன்று.

வழக்காடிப் பங்கு பெறலாமே எனக் கேட்பீர்கள். துணைவருடன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து, தேனீ வளர்ப்பில் உழைத்துப் பிரிந்த ரோசா பெக்கருக்குப் பாதிப் பங்கு உண்டென 1980இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986இல் அவர் இறந்தபோதும் அதன் பயன் அவர் கைக்கு எட்டியிருக்கவில்லை.

ஆகவே முதலில் உறுதியை எடுத்துப் பாருங்கள். மரணசாதனம் எழுதுங்கள், இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடுங்கள். அதில் நன்மை பெறுபவரோ அவரது துணையோ சாட்சியாக இருத்தல் கூடாது. ஒன்ராறியோச் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாகச் சட்டத்தரணி ஒருவருடன் 30 நிமிடம் வரை கட்டணமின்றிப் பேசலாம். ஏனைய சேவைகளை அறிய 211 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். செல்லும்போது உறுதியின் பிரதியையும் கொண்டு செல்லுங்கள்.