கொட்டகை யாருடையது?

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘கலையும் விடுதலையும்’னு தலைப்பு கொடுத்திருக்காங்க. இந்தத் தலைப்பில் பொதுவாகப் பேசிப் பேசி நமக்கே சலித்துவிட்டது. கலை ஓர் ஆயுதம் என்கிறோம், கைதட்டுகிறோம், கலைந்து போகிறோம். அதனால் ஒரே ஒரு கொட்டகையைப் பற்றி மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன். அமெரிக்காவில், கிராமப்புறத்தில், பணக்காரர்களின் தோட்டத்தில் இருந்த கொட்டகை. 1950களில் கோடைதோறும் கறுப்பின இசைக் கலைஞர்கள் அங்கே வந்து வாசித்தார்கள். யார் யார் வாசித்தார்கள் என்பதை ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அங்கே யார் பேசினார்கள், யார் சமைத்தார்கள், சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் இடம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கில் பெர்க்‌ஷயர் மலைப்பகுதி. அங்கே லெனாக்ஸ் என்று ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க், பாஸ்டன் முதலாளிகள் கோடையைக் கழிக்க அங்கே மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். மாளிகைக்குப் பேரு ‘குடிசை’! அவங்க அதை அப்படித்தான் சொன்னாங்க. நம்ம ஊர்ல குடிசைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். 1893இல் கட்டப்பட்ட வீட்லீ என்ற மாளிகையும் அப்படி ஒன்று. மாளிகைன்னா குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, பனிக்கட்டி சேமிக்கும் கிடங்கு எல்லாம் இருக்குமில்லையா? அவையும் இருந்தன.

அந்த மாளிகைக்குப் பக்கத்திலேயே டேங்கிள்வுட். 1937 முதல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் கோடைக்கால இருப்பிடம் அது. 1938இல் அங்கே ஒரு பெரிய இசைக்கூடம் கட்டினார்கள். அதையும் ‘ஷெட்’ என்றே அழைக்கிறார்கள். அதாவது கொட்டகை. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் மகா கொட்டகை. அந்தச் சிம்பொனியில் ஒரு கறுப்பர் நிரந்தரக் கலைஞராக அமர 1957 வரை ஆனது. ஆர்டிஸ் வால்டன் என்ற அந்த இளைஞர் வாசித்தது டபுள் பேஸ்.

1950இல் பிலிப் பார்பர், ஸ்டெஃபனி பார்பர் என்ற வெள்ளைத் தம்பதியர் வீட்லீயின் துணைக் கட்டடங்களை வாங்கினார்கள். மாளிகையை இல்லை, லாயத்தையும் கொட்டகைகளையும். அதில் ஒரு விடுதியைத் தொடங்கி ‘மியூசிக் இன்’ என்று பெயர் வைத்தார்கள். கோடையில் அங்கே ஜாஸ் இசை பற்றிய வட்டமேசைக் கூட்டங்கள் நடந்தன. நடத்தியவர் மார்ஷல் ஸ்டெர்ன்ஸ். இடைக்கால ஆங்கில இலக்கியம் படித்த பேராசிரியர். அவரும் வெள்ளையர்தான்.

அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் ஊர்விட்டு ஊர் போய் வாசிப்பது எப்படி இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. இரவு மேடையில் கைதட்டு. மேடையை விட்டு இறங்கினால் படுக்க விடுதி கிடையாது, சாப்பிட மேசை கிடையாது. கறுப்பர்கள் எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று ஊர்வாரியாகப் பட்டியலிட்டு விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் ‘பச்சைப் புத்தகம்’ என்ற கையேட்டை வெளியிட்டார். இப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்ட நாடு அது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை இதுதான் நிலை. மாசசூசெட்ஸில் பொது இடங்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1865இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் ஒன்று சொல்லும், ஊர் வேறொன்று செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூழலில், வாசிக்க வந்தவரும் கேட்க வந்தவரும் ஒரே கூரையின் கீழ் தங்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம் என்று வைத்திருந்த விடுதி இது. இதைச் சின்ன விஷயம்னு ஒதுக்கிட முடியாது.

1951இல் மஹாலியா ஜாக்சன் வந்து தேவாலயப் பாடல்களைப் பாடினார். ஜான் லீ ஹூக்கர் வந்து புளூஸ் பாடினார். வில்லிஸ் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், வயலில் வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்த குரல்களிலிருந்து இசை எப்படிக் கிளைத்தது என்று விளக்கினார். கூலிக்காரனின் கூவலுக்கு இலக்கணம் உண்டு என்று ஒரு கறுப்பர் எழுந்து நின்று பாடம் நடத்துகிறார். வெள்ளையர்கள் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். 1740இல் தெற்குக் கரோலினாவில் அடிமைகள் முரசு வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு நடந்த ஸ்டோனோ கிளர்ச்சியில் முரசு ஒலித்தது என்பதால். அந்த முரசுக்காரர்களின் வாரிசுகள் இங்கே முரசைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1955இல் கொட்டகையைக் கச்சேரி மேடையாக்கி ‘மியூசிக் பார்ன்’ என்று திறந்தார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், பில்லி ஹாலிடே, கவுண்ட் பேஸி என்று பெரும் கலைஞர்கள் கோடைதோறும் வந்தார்கள். 1956இல் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் அங்கே பதிவு செய்த இசைத்தட்டும் இருக்கிறது.

ஆனா அதே 1955 கோடையில் வேற என்ன நடந்தது? ஆகஸ்ட் 28ஆம் தேதி மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை அடித்துக் கொன்றார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பது குற்றச்சாட்டு. செப்டம்பரில் வெள்ளை ஜூரிகள் கொலையாளிகளை விடுவித்தார்கள். வடக்கே கொட்டகையில் கறுப்பு இசைக்குக் கைதட்டு. தெற்கே ஆற்றில் கறுப்புச் சிறுவனின் உடல். ரசனை ஒருவனை நல்லவனாக்கும், பிறகு சாதியும் நிறமும் தானாக உதிரும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கறுப்பரின் இசையை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பரை வெளியே நிறுத்த முடியும். அமெரிக்கா அதைத் தொடர்ந்து செய்து வந்திருக்கிறது.

கலைஞர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. எப்போதும் சிரித்த முகம், வெள்ளையருக்கு இணக்கமானவர் என்று சொந்த மக்களே குறை சொன்ன லூயி ஆம்ஸ்ட்ராங், 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பு மாணவர்களை விடாமல் தடுத்தபோது, அதிபர் ஐசனோவரையே பகிரங்கமாகக் கண்டித்தார். அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மறுத்தார். மேடையில் சிரித்தவரை வைத்து அவருக்குள் என்ன இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அதே 1957 ஆகஸ்டில் கொட்டகை பள்ளிக்கூடமானது. லெனாக்ஸ் ஜாஸ் பள்ளி. கோடையில் மூன்று வாரம். பொறுப்பாளர் ஜான் லூயிஸ், கறுப்பினப் பியானோ கலைஞர். டிஸ்ஸி கில்லெஸ்பி, மேக்ஸ் ரோச், மில்ட் ஜாக்சன் போன்றவர்கள் ஆசிரியர்கள். வெள்ளை ஆசிரியர்களும் இருந்தார்கள், வெள்ளை மாணவர்களும் இருந்தார்கள். இதுவரை இவர்கள் வாசிக்கலாம், ஆடலாம், மகிழ்விக்கலாம். இப்போது கற்பிக்கிறார்கள். பொழுதுபோக்குக்காரன் ஆசானாகிறான். இந்த நகர்வு கச்சேரியைவிடப் பெரிது என்று நினைக்கிறேன்.

1959இல் அங்கே மாணவராக வந்தவர் ஆர்னெட் கோல்மன். டெக்சாஸ்காரர். தானாகவே சாக்ஸஃபோன் கற்றவர். லாஸ் ஏஞ்சலஸில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்தவர். கையில் பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். சுருதி தப்பு, முறை தப்பு, இது இசையே இல்லை என்று பல இடங்களில் அவமானப்பட்டவர். ஜான் லூயிஸ் அவரைக் கேட்டார், புரிந்துகொண்டார், அழைத்து வந்தார். அந்த நவம்பரிலேயே நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட்டில் வாசித்து ஜாஸ் உலகத்தையே இரண்டாகப் பிளந்தார். ‘இலக்கணப்படி இல்லை’ன்னு நம்மையும் சொல்றாங்க இல்ல? யாருடைய இலக்கணம்னு திருப்பிக் கேட்கிற தைரியம் அந்த பிளாஸ்டிக் சாக்ஸஃபோனில் இருந்தது.

இனி சமையலறைக்கு வருவோம். ராண்டி வெஸ்டன் என்ற புரூக்ளின் இளைஞர். அவர் அப்பா மார்கஸ் கார்வியைப் பின்பற்றியவர். ‘நீ ஆப்பிரிக்கன், அதை மறக்காதே’ என்று பிள்ளையை வளர்த்தவர். நியூயார்க் ஜாஸ் வட்டாரத்தைச் சூழ்ந்திருந்த போதையிலிருந்து விலகி 1950களின் தொடக்கத்தில் வெஸ்டன் இந்தப் பகுதிக்கு வந்தார். மியூசிக் இன் சமையலறையில் வேலை. வேலை முடிந்ததும் பியானோ. ஸ்டெர்ன்ஸின் பேச்சுகளையும், வில்லிஸ் ஜேம்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், நைஜீரிய முரசுக் கலைஞர் ஒலாதுஞ்சி ஆகியோரையும் அங்கேதான் கேட்டார். ஜாஸின் வேர் ஆப்பிரிக்காவில் என்பதை அங்கே விரிவாக அறிந்துகொண்டார். 1960இல் ‘உஹுரு ஆஃப்ரிக்கா’ என்ற இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. அதற்கு வரிகள் எழுதியவர் லாங்ஸ்டன் ஹியூஸ். 1964இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அந்த இசைத்தட்டைத் தடை செய்தது. கச்சேரிக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள் இசையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சமையலறையில் நின்று கேட்டவர், ஓர் அரசு பயப்படுகிற இசையைச் செய்தார்.

இந்த மண்ணுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. லெனாக்ஸ் இருக்கும் அதே பெர்க்‌ஷயர் மாவட்டத்தில், கிரேட் பேரிங்டன் என்ற ஊரில் 1868இல் பிறந்தவர் டுபாய்ஸ். 1903இல் வெளியான ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ நூலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அடிமைகளின் பாடல் ஒன்றின் இசைக்குறிப்பை அச்சிட்டார். அடிமையின் பாட்டு வரலாற்று ஆவணம் என்று சொன்னவர் அவர். அந்த டுபாய்ஸுக்கு 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். நீக்ரோக்களின் பிரச்சினையைத் தான் படித்து வருவதாகவும், இரு மக்களின் நிலைக்கும் நிறைய ஒற்றுமை இருப்பதாகவும் சொல்லி, ஐ.நா.வுக்கு அவர்கள் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். டுபாய்ஸ் ஜூலை 31ஆம் தேதி அனுதாபத்தோடு பதில் எழுதினார். அண்ணல் அவர்களிடம் கேட்டது மனுவின் நகல் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் போராட்டத்தை மற்றவர் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அது. நானும் இந்தக் கொட்டகையை அப்படித்தான் படிக்கிறேன்.

கடைசியில் என்ன ஆச்சு? 1960க்குப் பிறகு பள்ளி நடக்கவில்லை. பணமில்லை. நான்கே கோடை. இடம் கைமாறியது. 1970களில் வேறு உரிமையாளர் ராக் கச்சேரிகள் நடத்தினார். 1979உடன் அதுவும் முடிந்தது. பார்பர் தம்பதியர் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் நல்லவர்களின் கொட்டகையும் அவர்களுடைய கொட்டகைதான். அவர்களுக்கு முடியாமல் போனால் மூடத்தான் வேண்டும். வாசித்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் அதைத் திறந்து வைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

தோழர்களே, நம்மையும் இப்போது மேடைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மஹாலியா போனார், வெஸ்டன் போனார், பலன் இருந்தது. ஆனா போறப்ப கேளுங்க: அடிக்கிறவரே தன் அடியைப் பற்றிப் பேச நேரம் உண்டா? அவர் எங்கே தங்குகிறார், யாரோடு சாப்பிடுகிறார்? அடுத்த வருஷம் இது நடக்குமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இன்னொன்று. நம்முடைய விழாக்களையும் இதே கேள்விகளால் அளக்க வேண்டும். கலைஞரை அடிக்கவிட்டு, விளக்கம் சொல்ல மட்டும் என்னைப் போன்ற படித்தவர்களைக் கூப்பிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அடுத்த முறை இந்த மேடையில் கலைஞர் பேசட்டும், மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும். பந்திக்குச் சமைக்கிறவங்க காதுக்கும் கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பி வையுங்க. உண்டியல் பணத்தில் ஒரு பங்கை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சொந்தமாக ஓர் இடத்துக்கென்று எடுத்து வையுங்கள். ஓலைக் கொட்டகையாக இருந்தாலும் பரவாயில்லை, சாவி நம்ம கையில இருக்கணும்.