மட்டையும் மன்றமும்

யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில் நாம் குடியிருக்கும் வீட்டிற்கு எதிரே ஒரு பூங்கா உண்டு. அதன் வாயிலில் 'இங்கே பந்து விளையாடலாகாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. சென்ற மாதம், பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சிறுவன் ஹாக்கி மட்டையோடு அப்பலகையின் கீழ் நின்று, "மாமா, நான் எங்கே போய் விளையாடுவது?" என்று வினவினான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு எந்த மொழியிலும் விடை அகப்படவில்லை.

2010-ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளுக்கு வந்த வீரர்கள் தங்கியது நமக்கு அண்மையிலுள்ள யமுனைக் கரையிலேதான். அப்போட்டியின் ஹாக்கி இறுதியாட்டத்தில், தில்லியில் தியான் சந்தின் பெயர் தாங்கிய அரங்கிலேயே, ஆஸ்திரேலியா நம்மை 8-0 என்று வென்றது. அரங்கம் கட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. சிறுவனின் கேள்விக்கு விடை தேட நெதர்லாந்து வரை போய்வர வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1892-இல் ஒரு மன்றம் தோன்றியது. ஹாக்கியோடு, பேண்டி என்னும் பனித்தரை ஆட்டத்தையும் அது தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அந்நாளைய டச்சுக்காரர் ஹாக்கி விந்தையானது. பந்து மென்மையாக இருக்கும், மட்டை இருபுறமும் தட்டையாக இருக்கும். 1928-இல் தங்கள் ஊருக்கே ஒலிம்பிக் வரவிருந்ததால் உலகத்தார் விதிகளுக்கு மாறினர். மாறிய சூட்டில், இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் 3-0 எனத் தோற்றனர். அத்தொடர் முழுதும் நம் வலைக்குள் ஒரு பந்தும் புகவில்லை.

தோற்றவர்கள் மன்றத்தைக் கலைத்துவிடவில்லை. 1973-இல் உலகக் கோப்பை இறுதியாட்டம், அம்மன்றத்தார் ஆடிவரும் வாகெனர் அரங்கிலே நடந்தது. நாம் இரண்டு கோல் முந்தினோம். அவர்கள் ஈடு செய்தனர். முடிவில் பெனால்டி அடிகளில் கோப்பை அவர்களிடமே தங்கிவிட்டது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் தங்கம் அவர்களுக்கே. இரண்டு கோடிக்கும் குறைந்த மக்கள் வாழும் நாடு அது! அங்கே ஊருக்கு ஊர் மன்றம். உறுப்பினர் சந்தாவில் அது நடக்கிறது. தந்தை ஆடிய மன்றத்தில் மகளும் ஆடுகிறாள்; சிறுவர்க்குப் பயிற்சி தருவோரிலும் தேநீர் ஊற்றுவோரிலும் பெற்றோர் பலர்.

நம் நாட்டிலும் மன்றங்கள் இல்லாமலில்லை. 1846-இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் மன்றம் 1901-இல் தொடங்கிய ஹாக்கிப் போட்டி, இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்று எழும்பூரிலே நடைபெறுகிறது. ஆனால் அம்மன்றத்தின் கதவு நெடுங்காலம் ஐரோப்பியருக்கே திறந்திருந்தது. இன்று கோப்பைக்கு வரும் குழுக்களைப் பாருங்கள்: இரயில்வே, இராணுவம், இந்தியன் ஆயில், வங்கிகள். நம் வீரனுக்கு முகவரி ஓர் அலுவலகம். இதைக் குறையென்று சொல்ல நமக்கு மனமில்லை. அச்சம்பளம் இல்லாவிடில் எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் மட்டையை என்றோ மூலையில் சாய்த்திருப்பர். ஆயினும் பத்து வயதுப் பாலகனை எந்த அலுவலகம் சேர்த்துக்கொள்ளும்?

தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் இக்கேள்வி எழுவதில்லை. அங்கே மட்டை பிடித்தவன் ஊர்ப்பிள்ளை. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் ஆசியக் கோப்பைக்கான இந்தியக் குழுவில் ஆடினார். சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற பின்னர், ஆடவர் ஹாக்கியில் நமக்கு வேறு ஒலிம்பிக் தங்கம் வாய்க்கவில்லை.

தில்லித் தமிழராகிய நாம் இசைக்குச் சபை வைத்தோம், பிள்ளையாருக்குக் கோயில் கட்டினோம், பள்ளிகளும் நடத்துகிறோம். சந்தா பிரிக்கும் கலை நமக்குப் புதிதன்று. பதினாறு மட்டைகளும், வாரத்திற்கு இருமுறை ஒரு பள்ளியின் மைதானமும் கிடைத்தால் ஒரு மன்றம் தொடங்கிவிடலாம். வரும் ஞாயிறன்று குடியிருப்போர் கூட்டத்தில் இதை எழுப்பவிருக்கிறோம். சிறுவனையும் உடன் வரச் சொல்லியிருக்கிறோம். மட்டையோடு வருவதாகச் சொன்னான்.