வந்தியின் பங்கு



மண் சுமப்பதென்பது மதுரைக்காரர்களுக்குப் புதிய வித்தை அன்று. வைகை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆள் துணையற்ற வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்து நின்ற சொக்கேசப் பெருமான், உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பெற்று உண்டு, வேலையைப் பாதியிலே போட்டுவிட்டு உறங்கி, பிரம்படி பட்ட வரலாற்றை ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் இன்றும் திருவிழாவாகக் கொண்டாடி வருகிறோம். அந்தக் கதையில் அடிபட்டவரைப் பற்றிப் பேசாத புலவர் இல்லை. அடித்தவனைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். விடியற்காலையில் அடுப்பு மூட்டி, மாவு பிசறி, ஆவியில் வேகவைத்து, மண் சுமக்க வந்தவனுக்கு வயிறு நிறைய இட்டவளை மட்டும் பக்தியின் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவளுடைய தொழில் நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விடுகிறோம்.

கோடை விடுமுறையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கங்களும் சபைகளும் கிராமங்களில் நடத்தும் சேவை முகாம்களைப் பற்றி இன்று பேச வந்த நான், அந்த வந்தியின் பக்கத்திலிருந்து பேசவே விரும்புகிறேன். அதாவது, மண்வெட்டி பிடிக்கும் நாற்பது இளைஞர்களைப் பற்றி அன்று. அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து, அவர்கள் போன பின்பும் இரண்டு நாள் தங்கி, தண்ணீரும் சோறும் விளக்கும் மருந்தும் கணக்கும் பார்க்கும் நாலைந்து கோடைக்காலப் பணியாளர்களைப் பற்றி.

இந்த முகாம் என்னும் வழக்கத்தின் பிறப்பு நம்மூரில் நிகழ்ந்ததன்று. முதல் உலகப் போர் ஓய்ந்தபின், 1920-ல், பியேர் செரசோல் என்ற சுவிட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர், பிரான்ஸில் வெர்டன் போர்க்களத்தை அடுத்து நாசமாய்க் கிடந்த எஸ்ன் என்ற கிராமத்துக்குச் சில தொண்டர்களை அழைத்துச் சென்று, இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். அவர்களிலே ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை குண்டு போட்ட தேசத்து மனிதன் இன்று கல் சுமக்க வந்து நிற்பதை அவ்வூரார் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சில மாதங்களிலேயே முகாம் கலைந்தது. கலைந்த முகாமிலிருந்து ஒரு சர்வதேச இயக்கம் பிறந்ததென்பது வேறு விஷயம். காந்தியடிகள் 1931 டிசம்பரில் சுவிட்ஸர்லாந்துக்குச் சென்றபோது செரசோல் அவரைச் சந்தித்தார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியதும், செரசோலே கப்பலேறி வந்து அங்குள்ள கிராமத்து ஜனங்களோடு மண்ணிலே நின்று வீடு கட்டினார்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்த மனப்பான்மை அதற்கு முன்னரே பழக்கமாகியிருந்தது. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும், ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், கதருடுத்திப் ‘பெரியண்ணன்’, ‘சின்னண்ணன்’ என்று ஊரார் அழைக்க வாழ்ந்தார்கள். 1925-ல் மதுரைக்கு மிஷனரியாக வந்த ரால்ஃப் ரிச்சர்டு கைத்தான், காந்தியவாதிகளோடு பழகியதற்காக 1930-ல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, விடாமல் திரும்பி வந்து, பிற்காலத்தில் கிராமப் பணியிலேயே கலந்துவிட்டார்.

ஆனால் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய பெயர்கள் இருப்பதாலேயே ஒரு தொல்லை உண்டு. முகாமுக்குப் போகும் வாலிபன் தன்னைச் செரசோலாக எண்ணிக்கொண்டு போகிறான்; வெங்காயம் உரிக்க எவனும் போவதில்லை.

ஒத்தக்கடைக்கு வடக்கே, படுத்த யானையைப் போல் நீண்டு கிடக்கும் ஆனைமலையின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், வைகாசி மாதத்து முகாம் ஒன்றில் நான் பண்டசாலைப் பொறுப்பாளனாக இருந்தேன். மேலூர்ச் சாலையில் போகிறவர்கள் அந்த மலையை அழகென்று சொல்வார்கள். அதன் காலடியில் படுத்துறங்கியவர்கள் அப்படிச் சொல்வது கடினம். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறை இரவெல்லாம் திருப்பிக் கக்கும். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார்கள், நோய்க்குப் பலரைப் பறிகொடுத்தபின், 1845-ல் கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு கோடை தோறும் மலையேறினார்கள் என்பதை நான் குறையாகக் கூறமாட்டேன். ஆனால் அவர்கள் வழிவந்த சபைகளின் பிள்ளைகள் அதே கோடையில் சமவெளியிலேயே நின்று மண் வெட்டுகிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஏன் கோடை? கல்லூரிக்கு விடுமுறை என்பது ஒரு காரணம். கண்மாய் வற்றியிருப்பது அதைவிடப் பெரிய காரணம். நீர் நிற்கும் கண்மாயில் தூர் எடுக்க முடியாது. ஊரார் ஒன்றுகூடித் தங்கள் கண்மாயையும் வரத்துக்காலையும் செப்பனிட்டுக்கொண்ட குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாடும் இந்த நாட்களைத்தான் நம்பியிருந்தது. ஆகவே, முகாமிட வந்தவர்கள் கிராமத்துக்கு ஒரு புது தர்மத்தைக் கற்பிக்க வந்ததாக எண்ணிக்கொள்வது அறியாமை.

அந்த அறியாமைக்கு நாங்கள் விலை கொடுத்தோம். மடையருகே ஆழமாகத் தோண்டினால் நீர் நிறைய நிற்கும் என்று நம்பி, எங்கள் இளைஞர்கள் மூன்று நாள் அங்கேயே வெட்டிக் குவித்தார்கள். நான்காம் நாள் நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் ஒருவர் கரைமேல் வந்து குந்திக்கொண்டு, “ஏன் தம்பி, மடைக்குக் கீழ தோண்டினா தண்ணி வயலுக்கு எப்பிடி ஏறும்?” என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவரை முதல் நாளே கண்டு, வெற்றிலைபாக்கு வைத்து, எங்கே வெட்டுவது என்று கேட்டிருக்க வேண்டியது எங்கள் வேலை. முன்னதாக வந்த பணியாளர்களின் வேலை. நாங்கள் அந்த வாரத்தை அரிசி மூட்டை எண்ணுவதிலே கழித்துவிட்டோம்.

முகாம்ப் பணியாளரின் கலைக்கு மெய்யான சோதனை தண்ணீர்க் கணக்கு. நாற்பது பேர் அக்கினி நட்சத்திர வெயிலில் வேலை செய்தால் குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு 200 லிட்டருக்குக் குறையாது; குடத்திலே சொன்னால் பதிமூன்று, பதினான்கு குடம். அந்தக் குடங்கள் ஊர்ப்பெண்கள் வரிசையில் நிற்கும் அதே குழாயிலிருந்துதான் வரவேண்டும். சேவை செய்ய வந்தவன் குடிக்கும் தண்ணீரால் ஒரு வீட்டின் உலை தாமதப்பட்டால், அவன் வெட்டிய மண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது? ஊர்ப்பெண்கள் எல்லாரும் பிடித்து முடித்தபின் இரவு பதினொரு மணிக்குக் குழாயடிக்குப் போன பணியாளனைத்தான் நான் கைதேர்ந்தவன் என்பேன். வெயிலேறுமுன் ஒன்பது மணிக்கே வேலையை நிறுத்தச் சொல்லவும், உற்சாகத்தில் நிறுத்த மறுப்பவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்து நிழலில் உட்கார வைக்கவும் அவனுக்குத் தெரியும்.

இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெண்பிள்ளைகளைச் சமையற்கட்டுக்கும் ஆண்பிள்ளைகளைக் கண்மாய்க்கும் பிரித்தனுப்பும் வழக்கம் நான் கண்ட முகாம்கள் பலவற்றிலும் இருந்தது. வீட்டிலே நடப்பதையே பத்து நாள் வெளியூரிலும் நடத்திக் காட்ட ஒரு முகாம் எதற்கு? மற்றொன்று, நீர்மோரோடு துண்டுப் பிரசுரத்தையும் நீட்டும் ஆசை. சித்திரைத் திருவிழாவில் அழகரைச் சேவிக்க வருகிற ஜனங்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பானகம் கொடுப்பவன், வாங்கிக் குடிப்பவன் எந்தக் குலம், எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. அந்த நாகரிகத்துக்கு ஒரு படி கீழே நாம் இறங்கலாகாது. உயிர்த்தெழுந்த இயேசு இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீஷர்களுக்காகக் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார் என்று யோவான் எழுதுகிறார். பிரசங்கத்துக்கு முன்னே காலைப் பலகாரம். சமையற்கட்டிலிருந்து வேதம் வாசிக்கிறவனுக்கு அந்த வரிசை முக்கியமாகப் படும்.

முகாம் எடுத்த வேலை முகாமுக்குள்ளேயே முடிந்ததை நான் பார்த்ததில்லை. ஆனைமலையிலே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்த மாறன் காரி, பாண்டியன் நெடுஞ்சடையனுடைய மந்திரி, 770-ல் அதை முடிக்குமுன்பே காலமானான்; அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்து வைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மந்திரிக்கே அந்த கதியென்றால், பத்து நாள் முகாமுக்கு என்ன வெட்கம்? முடிக்காமல் விட்டதை யாரிடம் எப்படி ஒப்படைத்தோம் என்பதுதான் கேள்வி. வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டிப்போட்ட சீமைக் கருவேலம், அடுத்த கோடைக்குள் ஆளுயரம் தழைத்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்கும்.

நாற்பது பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு பேருந்தேறிப் போன மறுநாள், இரவல் வாங்கிய பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். அண்டா, குண்டான், சல்லடைக் கரண்டி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்ததால் சிரமமில்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது நம் வழக்கமாகையால், மிஞ்சிய அரிசியில் ஒவ்வொரு பிடி போட்டே கொடுத்தோம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி குண்டானை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். “இருங்கப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அரிசியைக் கொட்டிக்கொண்டு, அதே குண்டானில் இரண்டு கை புளியைப் போட்டு எங்கள் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். அந்தக் குண்டானை மறுபடி எப்போது, எதைப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது என்று பேசிக்கொண்டே நாங்கள் ஒத்தக்கடைக்கு நடந்தோம்.