கிட்டார் இல்லாத ராக்: ‘தி பெஸ்ட் ஆஃப் கீன்’

கீன் என்னும் இங்கிலாந்து ராக் குழு 2013 நவம்பரில் ‘தி பெஸ்ட் ஆஃப் கீன்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. முதல் வட்டில் 20 பாடல்கள். அவற்றில் 18 முன்பே புகழ்பெற்றவை, 2 புதியவை. விரிவான பதிப்பின் இரண்டாம் வட்டில் இருப்பவை பெரும்பாலும் சிங்கிள் வட்டுகளில் துணைப்பாட்டாக வந்து, பலர் காதுக்கு எட்டாமல் போனவை.

குழுவினரின் ஊர் பேட்டில். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த களத்தை ஒட்டி எழுந்த சிற்றூர் அது. பாடகர் டாம் சாப்ளின், பியானோ வாசித்துப் பாடல்களும் எழுதும் டிம் ரைஸ்-ஆக்ஸ்லி, டிரம்ஸ் கலைஞர் ரிச்சர்ட் ஹியூஸ் ஆகியோர் இளமை முதலே நண்பர்கள். கிட்டார் வாசித்த டொமினிக் ஸ்காட் 2001இல் விலகினார். அந்த இடத்தைப் பியானோவே ஏற்றது.

விசைப்பலகைக் கருவி ஒன்றே பாட்டைச் சுமப்பது புதுச்சேரி நேயர்களுக்கு அந்நியமானதன்று. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது இந்த ஊரில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் வளர்த்த நாடக மேடையில் சுருதி தருவதும், நடிகரின் பாட்டைத் தாங்குவதும், இடைவெளியை நிரப்புவதும் ஆர்மோனியக்காரரே. கீன் குழுவில் ரைஸ்-ஆக்ஸ்லியின் பொறுப்பும் அத்தகையது.

ஆனால் பியானோவுக்கு ஓர் இயல்பு உண்டு. காற்று உள்ளவரை ஆர்மோனியச் சுரம் நிற்கும். பியானோச் சுரம் தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். அதனால் ரைஸ்-ஆக்ஸ்லி ஒரே கார்டை அரை அரைத் தட்டாக விடாமல் அடிக்கிறார். ‘சம்வேர் ஒன்லி வி நோ’ பாட்டின் துடிப்பு இப்படிப் பிறந்ததுதான். நீளும் சுரங்களைத் தரும் வேலை சாப்ளினின் உயர்ந்த குரலுக்குப் போகிறது. 2004இல் அந்தப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 3ஆம் இடம் பெற்றது. அதே ஆண்டில் ‘ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்’ ஆல்பம் முதலிடம் பிடித்தது.

ரைஸ்-ஆக்ஸ்லி கையாண்ட கருவி யமஹா சிபி-70. அதில் சுத்தியல் கம்பியைத் தட்டும். ஆனால் ஒலிப்பலகைக்குப் பதில் பிக்கப்புகள் அதிர்வை மின்சாரமாக்கும். ஆகவே கிட்டார் கலைஞர்கள் காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெடல்களுக்குள் பியானோவையும் செலுத்தலாம். 2006இல் வந்த ‘அண்டர் தி அயர்ன் சீ’ ஆல்பத்தின் ‘இஸ் இட் எனி வொண்டர்?’ பாட்டில் கிட்டார்போல் உறுமுவது இப்படி உருமாறிய பியானோதான். தேயும் ஒலி என்ற குறையை இந்தக் குழு வென்ற இடம் அது. முதல் வட்டின் உச்சமும் அதுவே.

2008இன் ‘பெர்ஃபெக்ட் சிம்மெட்ரி’யில் சிந்தசைசரும் கிட்டாரும் நுழைந்தன. 2012இன் ‘ஸ்ட்ரேஞ்ச்லேண்ட்’ மீண்டும் பியானோவுக்குத் திரும்பியது. பாடல்கள் வெளிவந்த வரிசையிலேயே பெரிதும் அமைந்திருப்பதால் இந்த மாற்றங்கள் தெளிவாகக் கேட்கின்றன. அமைதியாகத் தொடங்கிப் பல்லவியில் பொங்கும் ஒரே அமைப்பு பல பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது தொகுப்பின் குறை. புதிய பாடல்கள் இரண்டும் பழையவற்றின் உயரத்தைத் தொடவில்லை.

அந்தக் குறையை ஈடுசெய்வது இரண்டாம் வட்டு. ஹிட் ஆக வேண்டிய கட்டாயம் இந்தப் பாடல்களுக்கு இல்லை. பொங்கி எழாமலே முடியும் துணிவு அவற்றுக்கு உண்டு. ‘சம்வேர் ஒன்லி வி நோ’ சிங்கிளின் துணைப்பாட்டு ‘ஸ்னோட் அண்டர்’. குழுவின் சிறந்த ஆக்கங்களோடு வைத்து எண்ணத்தக்கது அது. ‘வால்நட் ட்ரீ’, ‘ஃப்ளை டு மீ’ ஆகியவற்றில் மெட்டு அலங்காரமின்றி நிற்கிறது. ‘சீ ஃபாக்’ அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் மேடையில் பதிவானது.

தொகுப்பு வந்த அதே நவம்பரில் லில்லி ஆலன் பாடிய ‘சம்வேர் ஒன்லி வி நோ’ பிரிட்டனில் முதலிடம் எட்டியது. வேறு குரலிலும் வேகத்திலும் அது நிலைத்தது மெட்டின் வலிமையால்.

ஜூன் மாத ஃபெத் தெ லா மியூசிக் விழாவுக்குப் பயிற்சி செய்யும் புதுச்சேரி கீபோர்டு கலைஞர்களுக்கு இந்தத் தொகுப்பு நல்ல பாடம். இடக்கை பேஸையும் வலக்கை தாளத்தையும் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை இரண்டாம் வட்டில் கேட்டறிந்து, பிறகு முதல் வட்டுக்கு வருவதே பயனுள்ள முறை.