கணக்கில் வராத மாத்திரை
(வடகரையில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் எங்களிடம் மருத்துவ உதவி கேட்டு வந்தார்கள். வீட்டுப் பெரியவர் சர்க்கரை நோயாளி, காலில் புண். சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்தபோது, வழக்கமான மருந்து எதற்கும் அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. விலை கூடிய ஊசி ஒன்றுதான் மிச்சம். இயன்றதைக் கொடுத்தோம்; அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. அந்த ஊசியும் கேட்காமல் போயிருந்தால்?

கிருமி இப்படி முரண்டு பிடிக்க நாமும் காரணம். குற்றாலச் சாரல் தொடங்கினால் வீட்டுக்கு வீடு சளி, காய்ச்சல். பெரும்பாலும் அது வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. ஆனாலும் பழைய சீட்டைக் காட்டி நாலு மாத்திரை வாங்குகிறோம். இரண்டைப் போட்டுவிட்டு நிறுத்துகிறோம். உடம்பில் இருக்கும் கிருமிகளில் பலவீனமானவை சாகின்றன. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன.

2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இதைத் தடுக்க 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் எச்1 என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றை மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் நாம் வாங்கும் மாத்திரை எந்தக் கணக்கிலும் வராது. எந்த மருந்து எங்கே எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல், எது எங்கே பலனிழக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆடு, மாடு, கோழிக்கும் இதே கதைதான். கொலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் கைவிட்டபின் மருத்துவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம். அதைக் கோழிகள் கொழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலிலும் சில நாள் மருந்து தங்கும். மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினால் அது வாய்க்காலுக்குப் போகிறது. அடவிநயினார் அணைத் தண்ணீரை நம்பித்தான் நம் வயலும் இருக்கிறது, கால்நடையும் இருக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள்:

மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். எழுதினால், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

குர்பானி ஆடாக இருந்தாலும் கறவை மாடாக இருந்தாலும், கால்நடை மருத்துவரைக் கேட்டே ஊசி போடுங்கள். ஊசி போட்டால் தேதியை எழுதி வையுங்கள். அவர் சொல்லும் நாள்வரை பாலை விற்காதீர்கள், இறைச்சிக்கும் கொடுக்காதீர்கள்.

சீட்டுக்குப் பணமில்லை என்று தயங்குபவர்கள் எங்களிடம் வாருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போவது எங்கள் பொறுப்பு.

நமக்குப் பலன் தந்த மருந்து நம் பேரப்பிள்ளைகளுக்கும் பலன் தர வேண்டும். அது நம்மிடம் இருக்கும் அமானிதம். அதைக் காப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.