பேட்டரியும் பியூஸும் நம்ம பொறுப்புதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பைபர் படகில் கடலுக்குப் போறது ஆம்பளைங்க. ஆனா பேட்டரி சார்ஜுக்கு வீட்டுக்குத்தான் வருது. குழுக் கடனில் பேட்டரி வாங்கியவர்களும் இங்கே இருக்கீங்க. அதனால இன்னைக்குத் தவணை பற்றிப் பேசாமல், அந்தப் பேட்டரியைப் பற்றிப் பேசுவோம்.

ராத்திரி விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எப். செட் எல்லாமே அந்த 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கு. படகில் பொருத்துற வி.எச்.எப். செட் கேட்கும்போது கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும். பேசும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பலவீனமா இருந்தா, கரையிலிருந்து கூப்பிடுறது கேட்கும். பதில் சொல்ல முடியாது. ஆபத்தில் 16-ஆம் சேனலில் குரல் கொடுக்க வேண்டிய நேரத்தில் செட் ஊமையாகிவிடும். செல்போன் டவரும் ஆழ்கடலில் கிடைக்காது.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை:

1. சார்ஜ்: காற்றோட்டமான இடத்தில் போடுங்க. சார்ஜ் ஏறும்போது வெளியே வருகிற ஹைட்ரஜன் வாயு தீப்பற்றும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி கூடவே கூடாது. கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்ச் போடுங்க. சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுங்க.

2. தண்ணீர்: மூடி திறக்கிற பேட்டரியில் தகடு மூழ்கியிருக்கணும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்க. குழாய்த் தண்ணியும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். கடல் தண்ணி உள்ளே போனால் குளோரின் என்ற விஷவாயு வரும். ஆசிட் மேலே பட்டால் நிறைய தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்க.

3. டெர்மினல்: பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துத் துடைங்க. அது பேட்டரிக்குள் போகக் கூடாது. ஈரம் காய்ந்ததும் ஒயரை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்க. கழற்றும்போது கறுப்பு ஒயர் முதலில், மாட்டும்போது கடைசியில்.

4. அளவு: சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட் காட்டணும். 12.2 என்றால் பாதி காலி. அதோடு கடலுக்கு அனுப்பாதீங்க.

இனி பியூஸ். பியூஸ் போச்சுன்னா அது தன் வேலையைச் செஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்கோ ஒயர் உரசியிருக்கு, இல்லேன்னா தண்ணி புகுந்திருக்கு. அதைப் பார்க்காமல் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சொருகினால், அடுத்து ஒயர்தான் எரியும். பைபரும் எரியும், மண்ணெண்ணெயும் எரியும். நடுக்கடலில் எங்கே ஓடுறது?

அதே ஆம்பியர் பியூஸ்தான் போடணும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கணும். நாலு பியூஸை ஈரம் புகாத டப்பாவில் போட்டுச் சாப்பாட்டோடு கொடுத்தனுப்புங்க. முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட்டில் உப்புக்காற்று புகுந்து களிம்பு பிடிக்கும். அந்த இடத்தை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிசெய்யுங்க.

சகோதரிகளே, குழுவுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குவோம். சேமிப்பு எழுதுற அன்னைக்கே யார் வீட்டுப் பேட்டரி எத்தனை வோல்ட் என்று நோட்டில் ஒரு வரி எழுதுவோம். கடன் அடைகிற வரைக்குமாவது பேட்டரி உழைக்கணும். அதைவிட, போனவர் நல்லபடியா கரை சேரணும்.