நேபாளத்தில் நான் வைத்த கல்

(கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நேபாளம் போய் வந்தேன் என்றால் நம்மவர்கள் உடனே கேட்பது இரண்டு கேள்விகள். பசுபதிநாத் தரிசனம் ஆச்சா? முக்திநாத் போக முடிந்ததா? பசுபதிநாதரைத் தரிசித்தேன். முக்திநாத்துக்கு இன்னும் பிராப்தம் வரவில்லை. ஆனால் நம் செயலாளர் என்னைப் பேசச் சொன்னது யாத்திரையைப் பற்றி அல்ல. 2017 நவம்பரில், என் 61வது வயதில், நேபாளத்தில் ஒரு மலைக் கிராமத்துக்கு வீடு கட்டும் தொண்டுக்காகப் போனேன். ஆறு நாள் வேலை. ஐந்து நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசி நாளுக்கு வந்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

நான் 36 வருஷம் பாங்கில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் பிரிவு. அஸ்திவாரம் முடிந்ததா, முதல் தவணை. லிண்டல் மட்டம் வந்ததா, இரண்டாம் தவணை. ஸ்லாப் போட்டாச்சா, மூன்றாம் தவணை. எத்தனையோ வீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தது கிடையாது.

2006ல் எங்கள் புனேக்குப் பக்கத்தில் லோனாவாலா அருகே, ஹாபிடாட் ஃபார் ஹ்யுமானிட்டி என்ற அமைப்பின் சார்பில் நூறு வீடுகள் கட்டினார்கள். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 82 வயதில், தாமே வந்து தொண்டர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. பதினோரு வருஷம் கழித்து, பெங்களூரில் என் பெண் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் நேபாளத்துக்கு ஒரு குழு கிளம்பிற்று. குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன்.

"ஏன்னா, ஆத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா வாட்ச்மேனைக் கூப்பிடறேள். அங்க போய் என்னத்தைக் கட்டப் போறேள்?" என்றாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு டப்பா நிறைய வலி தைலம் மட்டும் எடுத்து வைத்தாள்.

2015 ஏப்ரல் 25ஆம் தேதி, நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்பு, நேபாளத்தில் 7.8 அளவுள்ள பூகம்பம் வந்தது. மே 12ஆம் தேதி மறுபடியும் ஒரு பெரிய அதிர்ச்சி. இறந்தவர்கள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. அங்கே சனிக்கிழமை வார விடுமுறை. அன்று சனிக்கிழமையாக இருந்ததால் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் இல்லை. அந்த மட்டில் பகவான் காப்பாற்றினார் என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள்.

வீடு இழந்தவர்களுக்கு நேபாள அரசு மூன்று லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. நம் பணத்தில் 1,87,500 ரூபாய். அதையும் ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணையாக, இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் கொடுத்தார்கள். கேட்டதும் எனக்குப் பழைய சீட்டில் உட்கார்ந்தது போல இருந்தது.

காத்மாண்டுவிலிருந்து தென்கிழக்கே பனௌதி என்ற பழைய ஊர். அதற்கும் மேலே மலையில் எங்கள் கிராமம். தமாங் இனத்தவர் வீடுகள். எங்களுக்கு ஒதுக்கிய வீடு ஒரு விதவை அம்மாளுடையது. மாமியார், இரண்டு குழந்தைகள். இரண்டரை வருஷமாகத் தகரக் கொட்டகையில் வாசம். கட்டுவது இரண்டு அறை, கல்லும் மண் சாந்தும் வைத்து ஒன்றரை அடி கனச் சுவர்.

நாங்கள் பதினாலு பேர். லாரி நிற்கும் இடத்திலிருந்து வீட்டு மனைக்கு இருநூறு படி ஏற வேண்டும். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றிக் கல்லை மேலே ஏற்றினோம். மத்தியானத்துக்கு மேல் கொத்தனார் எங்களையும் சுவரில் கல் வைக்க விடுவார். என் பெண் அவரை "தாய், தாய்" என்று கூப்பிடுவாள். நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. மீசை வைத்த மனிதரைத் தாய் என்று அழைப்பதைக் கேட்டு முதல் நாள் முழுக்கச் சிரித்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் நான் மட்டும் பதினோரு கல் வைத்தேன். எண்ணி வைத்திருந்தேன். ராத்திரி ஆத்துக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன்.

இனி கடைசி நாள்.

விடியற்காலையில் ஸ்நானம், சந்தி முடித்துக்கொண்டு, என் சுவரைப் பனிமலையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுக்கலாம் என்று தனியாகப் போனேன். மணி ஆறரை இருக்கும். அங்கே கொத்தனார் எனக்கு முன்னால் வந்திருந்தார். நான் வைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஹிந்தியில் கேட்டேன், "தினமும் இப்படித்தானா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் இல்லை, பாபுஜி. சிலது மட்டும்" என்றார்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். மனசு கஷ்டப்படும். காலையில் ஒரு மணி நேர வேலைதானே."

என்ன தப்பு என்று கேட்டேன். உட்கார வைத்துக் காட்டினார். நான் கற்களைச் சுவரின் நீளவாக்கில் அழகாக அடுக்கியிருந்தேன். வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். பார்க்க ஒரு சுவர். உண்மையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள். பூமி ஆடினால் ஒன்று வெளியே சாயும், மற்றொன்று உள்ளே படுத்திருப்பவர் மேல் விழும். அதற்காகத்தான் இரண்டடி உயரத்துக்கு ஒரு தரம், நாலடிக்கு ஒன்றாக, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகிற நீளக் கல் வைக்க வேண்டும். த்ரூ ஸ்டோன் என்று இன்ஜினியர்கள் சொல்வது அதைத்தான். வைக்க வேண்டிய கல்லைப் பக்கத்திலேயே எடுத்துப் போட்டிருந்தார். கனமாக இருக்கிறதென்று நான் அதை ஒதுக்கிவிட்டுச் சின்னக் கற்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன்.

"இதெல்லாம் எனக்கும் முன்பு தெரியாது" என்றார். "என் வீட்டை நான்தான் கட்டினேன். இதே மாதிரிதான் கட்டினேன். பூகம்பத்தன்று நான் உங்கள் புனேயில் சென்ட்ரிங் வேலையில் இருந்தேன். அம்மா உள்ளே இருந்தாள்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ஏழு நாள் கொத்தனார் பயிற்சிக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டாராம்.

நான் அந்தக் கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். 1993 செப்டம்பர் 30 எனக்கு ஞாபகம் வந்தது. லாத்தூர் பூகம்பம். கணபதி விசர்ஜனம் முடிந்து ஊரெல்லாம் அயர்ந்து தூங்கிய விடியற்காலை. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போனார்கள். நான் அப்போது சோலாப்பூர் கிளையில் இருந்தேன். நிவாரணக் கணக்குகள் தொடங்குவதற்காகக் கில்லாரிப் பக்கம் அனுப்பினார்கள். கனமான கல் சுவர்கள் எல்லாம் குவியலாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். விதி என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் இதே குறைதான். இரண்டு வரிசை, நடுவில் மண், குறுக்கே பிடிக்கக் கல் இல்லை. அதன் பிறகும் எத்தனை வருஷம் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டேன்! சுவர் எந்த உயரம் வந்தது என்று கேட்டேனே தவிர, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இதை நான் வைக்கட்டுமா?" என்றேன். இருவருமாக அந்த நீளக் கல்லைத் தூக்கினோம். ஆட்டம் நிற்கிறவரை மூன்று தரம் எடுக்கச் சொல்லி, நாலாவது தரம் சரி என்றார். அரை மணி நேரம். ஒரு கல்.

காலைச் சாப்பாட்டின்போது குழுவிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று கொஞ்ச நேரம் தோன்றிற்று. ஒரு பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்படீன்னா நாம எதுக்கு அங்கிள் வந்தோம்? பணத்தை அனுப்பியிருக்கலாமே" என்றான். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவது என் தொழிலாச்சே, போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 45,000 ரூபாய் கட்டியிருந்தோம். அதில் 20,000 வீட்டுக்கு. மீதி 25,000 எங்கள் விமானம், தங்கல், சாப்பாடு. பதினாலு பேருக்கு 3,50,000. நேபாளப் பணத்தில் 5,60,000. கிட்டத்தட்ட இரண்டு குடும்பத்துக்கு அரசு கொடுத்த தொகை. நாங்கள் வராமல் பணம் மட்டும் வந்திருந்தால் இன்னொரு வீடு எழும்பியிருக்கும்.

ஆனால் அனுப்பியிருப்போமா? 2015ல் பூகம்பச் செய்தி பார்த்து நான் நிவாரண நிதிக்கு அனுப்பியது 1,001 ரூபாய். அதையும் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். அவன் அதுகூட அனுப்பவில்லையாம்.

கொத்தனாரிடமே கேட்டோம், எங்களால் ஏதாவது உபயோகம் உண்டா என்று. அவர் முகத்துக்காகப் பேசுகிறவர் இல்லை. கல் வைத்ததில் பெரிதாக இல்லை என்றார். கல் ஏற்றியது மட்டும் உண்மையான உதவி, அவரும் இரண்டு உதவியாளுமாக ஏற்றியிருந்தால் பல நாள் போயிருக்கும் என்றார். உடனே எல்லோரும் எழுந்தோம். கடைசி நாள் முழுக்க யாரும் சுவரைத் தொடவில்லை. மீதி இருந்த கல் அத்தனையையும் மேலே ஏற்றினோம். ஆறு நாளில் அவ்வளவு வேலை வேறெந்த நாளும் நடக்கவில்லை.

மத்தியானம் அந்த அம்மாள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். சாதம், பருப்பு, கீரை, அரிசி மாவில் வளையமாகப் பொரித்த சேல் ரொட்டி. அவர்கள் மாமிசம் சமைக்கிறவர்கள். நான் சாப்பிடுவதில்லை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிராமண வீட்டிலிருந்து பாத்திரம் இரவல் வாங்கி எனக்கென்று தனியாகச் சமைத்திருந்தாள். என் பெண்தான் இதைக் காதோடு சொன்னாள். என் பாட்டி நினைவுக்கு வந்தாள். நல்லவள்தான். ஆனாலும் எங்கள் கிராமத்து ஆத்துக்கு ஓடு மாற்ற வந்த கொத்தனாருக்குக் கொல்லைப்புறத்தில் வைத்து, கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்துதான் தண்ணீர் விடுவாள். அந்தக் காலம் அப்படி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குத் தகரக் கொட்டகையில், கொத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, சாதம் எனக்குச் சுலபமாக இறங்கவில்லை.

புறப்படும்போது சுவர் லிண்டல் மட்டத்தைக்கூடத் தொடவில்லை. கதவில்லை, கூரையில்லை. சாவி கொடுக்கும் வைபவம் நடக்குமென்று நினைத்து இனிப்பு வாங்கி வைத்திருந்தோம். அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். நெற்றியில் திலகம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, கழுத்தில் வெள்ளைத் துணி சாற்றினார்கள். மாமியார்க் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ கேட்டாள். எதெல்லாம் நீ வைத்த கல் என்று கேட்கிறாள், என்றார் கொத்தனார். அந்த ஒன்றைக் காட்டினேன். அவள் போய் அதைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அதுதான்.

2018ல் என் பெண்ணின் போனுக்கு ஒரு படம் வந்தது. தகரக் கூரை போட்டு, சுவருக்கு மண் பூசி, வாசலில் நால்வரும் நிற்கிறார்கள். என் கல் பூச்சுக்குள் போய்விட்டது.

நம் உறுப்பினர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இப்படிப்பட்ட பயணத்துக்கு உங்கள் பிள்ளைகள் போக விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் நம் பயணச் செலவு எவ்வளவோ அதே தொகையை வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் ஊர் திரும்பியதும் என் பங்குக்கு 25,000 அனுப்பினேன். போன இடத்தில் என்ன செய்ய ஆசை என்று பார்க்காமல், எது உதவி என்று கேட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, 1996ல் நான் புனேயில் வீடு கட்டினேன். கிருஹப்பிரவேசத்துக்கு முந்நூறு பேரைக் கூப்பிட்டேன். கொத்தனாருக்கு வேஷ்டி துண்டு வாங்கிக் கான்டிராக்டர் கையில் கொடுத்தனுப்பினேன். அவர் பெயர் என்ன என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. உங்களில் யாராவது இப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தால், கொத்தனாரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள்.